ஏலக்காய் ஸ்டோரில் ஒரு வெந்நீர்த் தொட்டி

உலகத்தில் கெட்டுப்போகிற பொருள்கள் அனைத்தும் ஈரத்தால்தான் கெட்டுப்போகின்றன — இதுதான் எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. இந்த வைகாசி வரைக்கும்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற வீடு எங்களுடையது. ஏலக்காயை உலர்த்தும் சூடான அறையை மலையில் 'ஸ்டோர்' என்போம். பறித்த காயை அந்த ஸ்டோரில் வாட்டி, உலர்த்தி எடுத்து, உள்ளங்கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். வந்தால் சரக்கு. வராவிட்டால் பூஞ்சை. என் கணவர் அந்தச் சத்தத்தைக் காதருகே கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். அவரைப் பொறுத்தவரை மழைக்காலம் ஒரு பருவமே அல்ல, ஒரு பகை. ஈரத் துண்டை யாராவது நாற்காலியில் போட்டுவிட்டால் போதும்... வீட்டில் விசாரணைக் கமிஷன் அமைந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட மனிதர், வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற ஒரு மர ஹாட் டப்பை விலைக்கு வாங்கினார் என்றால் நம்புவீர்களா?

போன வாரம் இந்தப் பக்கத்தில் 'எங்கள் மலை வீட்டு ஹாட் டப்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வாசகர்கள் பிடித்துக்கொண்டீர்கள். எந்த மரம், எவ்வளவு பெரிது, கரண்டா விறகா, பாசி பிடிக்காதா என்று கேள்விகள். ஒருவர் மட்டும், "இந்த ஆடம்பரம் உங்களுக்குத் தேவையா அம்மா?" என்று மென்மையாகக் கடிந்திருந்தார். அவருக்குத்தான் முதல் பதில்.

ஆடம்பரம் இல்லை ஐயா. ஈஸ்வரி.

ஈஸ்வரி என் கணவரின் தங்கை. போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை போகிற வழியில் இருக்கும் எங்கள் ஏலத் தோட்டத்தை நிர்வகிப்பவள். கணவர் காலமான பிறகும் மலையை விட்டு இறங்க மறுத்தவள். சென்ற ஆண்டு மழையில், செடிகளுக்கு நடுவே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, போடியில் எங்கள் வீட்டுக் கீழறையில் மாதக்கணக்கில் இருந்தாள்.

தையல் ஆறியதும் பிசியோதெரபி செய்த பெண் ஒரு வழி சொன்னாள். தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்கார்ந்து மூட்டை இளக வைத்து, பிறகு பயிற்சி செய்ய வேண்டும். விட்டுவிடாமல் செய்தால் நடை திரும்பும். போடி வெயிலில் அது பெரிய காரியமில்லை. சற்றுத் தள்ளியிருந்த சிகிச்சை நிலையத்தில் அதற்கென்றே ஒரு தொட்டி இருந்தது. ஆனால் மலையில்? பனியும் சாரலும் சேர்ந்தால் நல்ல மூட்டே விடியற்காலையில் மடங்காது. ஆகவே என் கணவர் தீர்மானித்துவிட்டார்.

"இனிமே மலை வேணாம்த்தா. இங்கயே இருந்துக்க."

ஈஸ்வரி சண்டை போடவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. சண்டை போடாத ஈஸ்வரியை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. மேற்குப் பக்கத்து ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மலையில் மேகம் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்தபடி இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள், தோசைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏண்ணே... மூணாறுப் பக்கம் ரிசார்ட்டுல எல்லாம் மரத் தொட்டியில வெந்நி வச்சு உக்கார்றாங்களாம்ல. டூரிஸ்ட்டுக்கு மட்டுந்தான் இடுப்பு இருக்கா?"

என் கணவர் தோசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன்.

அன்றைக்கு அண்ணனுக்கும் தங்கைக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. தொட்டி சரியாக அமைந்தால் ஈஸ்வரி மலையில் இருக்கலாம். அமையாவிட்டால் மூட்டை முடிச்சோடு போடிக்கு இறங்கிவிட வேண்டும். பேச்சு மாறக் கூடாது. இருவரும் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்கள். பேச்சு மாறுவது அவர்கள் அகராதியில் ஈரச் சரக்கை விடவும் கேவலம்.

இனி, தேர்வு செய்த கதை.

என் கணவர் முதலில் ஆசைப்பட்டது ஃபைபர் டப்புக்கு. பட்டனை அழுத்தினால் குமிழ் வருமாம்.

"பிளாஸ்டிக் டப்பாக்குள்ள ஊறுகா மாதிரி என்னால உக்கார முடியாது. அதுலயும் நம்ம மலையில கரண்டு? காத்தடிச்சா போயிரும். குமிழு வராது, கொசுதான் வரும்" என்றாள் ஈஸ்வரி.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மின்சாரத்தை நம்ப முடியாத இடத்தில் விறகு அடுப்பு வைத்த மரத் தொட்டிதான் சரி. தோட்டத்தில் வருடந்தோறும் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கிறோம், விறகுக்குப் பஞ்சமில்லை. ஃபைபரைப் போல் அல்லாமல், கனத்த மரச் சுவர் சூட்டையும் நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ரிசார்ட்டுகளுக்குத் தொட்டி செய்து கொடுக்கும் பட்டறை ஒன்று உண்டு. உரிமையாளர் ஜோஸ் — கலகலப்பான மனிதர். நான்கு பேர் உட்காரும் தொட்டியைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கினார். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெரிய தொட்டி என்றால் நிறையத் தண்ணீர். நிறையத் தண்ணீர் என்றால் நிறைய விறகு, நிறையக் காத்திருப்பு. வருடத்துக்கு இரண்டு முறை வருகிற விருந்தாளிகளை எண்ணித் தினமும் குளிக்கிறவரைக் காக்க வைக்கலாமா? ஒருவர் தாராளமாகவும் இருவர் நெருக்கியும் உட்காரும் அளவே எங்களுக்குப் போதும் என்றேன்.

மரத்தில் தேக்கைத் தேர்ந்தோம். வெளிநாட்டு மரங்களும் வைத்திருந்தார், வாசனையாக இருந்தன. ஆனால் நம் மழைக்கும் கரையானுக்கும் ஈடுகொடுத்துப் பழகியது தேக்குதான். பலகைகளில் முடிச்சு இருக்கிறதா, சுற்றியிருக்கும் பட்டை துருப்பிடிக்காத எஃகா, உட்புறம் வார்னிஷ் எதுவும் பூசாமல் வெறும் மரமாக இருக்கிறதா — இவை மூன்றையும் நான் பார்த்தேன். என் கணவர் வேறு மாதிரி பார்த்தார். ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"சாரே, உள்ளே ஆளில்லை" என்றார் ஜோஸ்.

ஈஸ்வரியையும் காரில் மெதுவாக அழைத்துப் போயிருந்தோம். வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான்: தொட்டியில் உட்காரப் போகிறவரைப் பட்டறையிலேயே ஒரு முறை உட்கார வையுங்கள். உள்ளேயிருக்கும் பலகை எந்த உயரத்தில் இருந்தால் எழ முடிகிறது, கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும், படியில் கால் வழுக்குகிறதா... இதெல்லாம் படத்தைப் பார்த்துத் தெரியாது. ஈஸ்வரி காலித் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"மதினி, இந்த பஸ்சு எப்பக் கெளம்பும்?"

பல மாதங்களுக்குப் பிறகு அவள் செய்த முதல் கேலி அது. என் கணவர் அதற்கு மேல் பேரம் பேசவில்லை.

கிளம்பும்போது ஜோஸ் பராமரிப்பைப் பற்றிச் சொன்னார். சோப்புப் போடக் கூடாது. தண்ணீர் இல்லாமல் அடுப்பு மூட்டக் கூடாது. மூடி எப்போதும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "எப்பவும் நிறைஞ்சிருக்கணும். உணங்க விடக்கூடாது" என்றார். உணங்குவது என்றால் உலர்வது. வாழ்நாளெல்லாம் மலையாளிகளோடு வியாபாரம் செய்கிற என் கணவருக்கு அது புரியாமல் இல்லை. பெரிதாகத் தலையாட்டினார்.

தொட்டி மலை வீட்டுக்கு வந்திறங்கிய நாளில் நானும் ஈஸ்வரியும் போடியில் இருந்தோம். என் கணவர் மட்டும் போய் இறக்கினார். மாலையில் திரும்பியவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

"தட்டிப் பாத்தேன். மணி மாதிரி இருக்கு" என்றார்.

தொட்டியைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகும் ஓரிரு முறை தனியாக மேலே போய்வந்தார். ஒவ்வொரு முறையும் மணி இன்னும் கணீரென்று கேட்பதாகச் சொன்னார்.

வைகாசியில், ஈஸ்வரியின் துணிமணிகளையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு மூவரும் ஜீப்பில் மலையேறினோம். தோட்டத்தில் வேலை செய்பவளும் அதே வீட்டின் பின்னறையில் குடியிருப்பவளுமான செல்வி எங்களுக்காகக் காத்திருந்தாள். வீட்டின் பின்புறம் கருங்கல் மேடையில் தொட்டி கம்பீரமாக நின்றது. மறுநாள் காலை ஈஸ்வரி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். செல்வி ஊற்றுத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

தண்ணீர் உள்ளே விழுந்தது. அடுத்த நிமிடமே வெளியேயும் விழுந்தது.

ஓரிடத்தில் அல்ல. பலகைக்குப் பலகை நடுவே இருந்த ஒவ்வோர் இடுக்கிலும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. தொட்டி என்று நாங்கள் வாங்கியது சல்லடையாக நின்றது. சுற்றியிருந்த எஃகுப் பட்டையில் ஒன்று சறுக்கிக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

என் கணவர் கொதித்துப்போனார். "ஏமாத்திப்புட்டான். நான் அன்னைக்கே நெனச்சேன். ஈரச் சாக்கைச் சுத்தி, அடியில தண்ணிய வேற ஊத்தி அனுப்புனான். ஈரச் சாக்கு எதுக்குச் சுத்துவாங்கெ? எடை காட்டத்தான?"

"அந்த ஈரத்தை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"என்ன செய்யறது... சாக்கை உருவிட்டுத் தண்ணியக் கவுத்தி, துணி போட்டுத் தொடச்சேன். மேடை போட்டு முடியல. அதுவரைக்கும் ஸ்டோருக்குள்ள வச்சேன். சீசன் இல்லாமச் சும்மாதான கெடந்துச்சு. லேசா அனல் போட்டு... ஒரு வாட்டு வாட்டி எடுத்தேன். நெறஞ்சிருக்கணும்னு அவன் சொன்னது மேடையில ஏத்துன பெறகுக்குன்னு நெனச்சேன்."

வாட்டியிருக்கிறார். பக்குவமாக. ஏலக்காயை உலர்த்துவது போலவே, அனல் பார்த்து, நாள் பார்த்து.

செல்வி குழாயை மூடினாள். மேடையிலிருந்து கடைசித் தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும் கேட்டது. ஈஸ்வரி தன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"வேணும்னே செஞ்சியாண்ணே?"

அவருக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"ஒனக்குன்னு வாங்குனதுத்தா. பூஞ்சை கீஞ்சை புடிச்சு, நீ உக்கார்ற எடம்... அது வந்து..."  தோட்டத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அக்கறைக்கும் தொழில் உண்டு போலும். டாக்டர் அக்கறைப்பட்டால் மாத்திரை எழுதுகிறார். வாத்தியார் அக்கறைப்பட்டால் அறிவுரை சொல்கிறார். ஏலக்காய் வியாபாரி அக்கறைப்பட்டால்... உலர்த்திவிடுகிறார். மழைபடாமல், சாரல் அண்டாமல், ஒரு சறுக்கலுக்கும் இடமில்லாமல் அவர் போடியில் தங்கைக்கு ஒதுக்கிய கீழறையும் ஒரு ஸ்டோர்தானோ என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. நனைந்த மேடையில் நின்றுகொண்டு தத்துவம் பேசினால் வழுக்கிவிடும்.

ஜோஸுக்குப் போன் போட்டோம். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சாரே, அது ஏலக்காய் இல்லை, தொட்டியாக்கும்."

பிறகு விளக்கினார். மரத் தொட்டிக்குப் பசையும் கிடையாது, ரப்பரும் கிடையாது. ஈரத்தில் பலகை ஊதும். ஊதிய பலகை பக்கத்துப் பலகையை நெருக்கும். அந்த நெருக்கம்தான் அடைப்பு. காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் இடுக்கு விடும். மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பட்டையைப் பழைய இடத்துக்கு ஏற்றி அளவாக முடுக்குங்கள். சுற்றி ஈரச் சாக்கைக் கட்டுங்கள். குழாயைத் திறந்துவிட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒழுகும். ஒழுகட்டும். இடுக்கில் எதையும் வைத்து அடைக்காதீர்கள், பிறகு பலகை சேராது.

"எத்தன நாளைக்கி?" என்றார் என் கணவர்.

"அது மரம் சொல்லும், சாரே."

வியாபாரிக்குப் பிடிக்காத பதில் இதை விட உண்டா? வியாழக்கிழமை போடியில் ஏலக்காய் ஏலம். அதற்கு அவர் இருந்தாக வேண்டும். ஆகவே தங்கையிடம் சொன்னார்: "புதன்கெழமை மத்தியானம் வரைக்கும் பாப்போம். ஒழுக்கு நின்னா நீ இரு. நிக்கலன்னா ஜீப்புல ஏறிறணும்."

"பேச்சு மாற மாட்டேன்" என்றாள் ஈஸ்வரி. கொண்டுவந்த பைகளைப் பிரிக்கவும் இல்லை. வாசல் பக்கம் வரிசையாக வைத்துவிட்டாள்.

அந்த நாள்களில் என் கணவரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆயுள் முழுக்க ஈரத்தை விரட்டிய மனிதர், கையில் ஹோஸ் பைப்போடு ஒரு மரத்தை நனைத்துக்கொண்டு நின்றார். சாக்கு காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "செல்வி, அந்த வாளியைக் கொண்டா. வெரசா வா, இந்தப் பக்கம் வெயில் விழுது" என்று தொட்டிக்குத் துண்டு போர்த்தினார். வேட்டி நனைந்தது, மாற்றவில்லை. நாற்காலியில் ஈரத் துண்டு கிடந்தது, கமிஷன் அமைக்கவில்லை.

"அண்ணே, நீ ஊதிறாத. தொட்டிதான் ஊதணும்" என்றாள் ஈஸ்வரி, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

 அந்தக் கேலிக்குப் பிறகு அவர் தோள்கள் கொஞ்சம் தளர்ந்ததைக் கவனித்தேன்.

பீய்ச்சியடித்தது வழிவதாக மாறியது. வழிந்தது கசிவாகக் குறைந்தது. செவ்வாய் மாலைக்குள் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. புதன் காலையில் பார்த்தால் எல்லா இடுக்குகளும் மூடியிருந்தன... ஒன்றைத் தவிர. அடிப்பக்கத்தில் ஓரிடத்தில், சொட்டுச் சொட்டாக இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஜீப் வந்து நின்றது. செல்வி அடுப்பில் விறகை அடுக்கி, பற்ற வைக்காமல் நின்றாள். ஈஸ்வரி வாக்கரைப் பிடித்தபடி கதவோரம் வந்து நின்றாள். ஒப்பந்தப்படி பார்த்தால் ஒழுக்கு நிற்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். 

என் கணவர் மேடை ஓரம் குந்தி உட்கார்ந்தார். அந்த இடத்துக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. கையை எடுக்காமல் அடுத்ததற்காகக் காத்திருந்தார். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார், திரும்பவில்லை. நெடுநேரம் கழித்து இன்னொன்று விழுந்தது. அதைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்தார். எழுந்தார்.

"இதெல்லாம் ஒழுக்குல சேராது" என்றார். "செல்வி, அடுப்பைப் பத்த வையி."

 ஈஸ்வரி வாசல் பக்கம் போய், வரிசையாக இருந்த பைகளில் முதல் பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது. நான் போய் அவிழ்த்துக் கொடுத்தேன்.

தண்ணீர் பதமாகச் சூடேறப் பொழுது சாய்ந்துவிட்டது. கையை விட்டால் சுடாமல், உடம்புக்கு இதமாக இருக்கும் அளவோடு அடுப்பை அணைத்துவிட்டோம்; அதற்கு மேல் சூடு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் செல்வியும் இரு பக்கமும் பிடிக்க, ஈஸ்வரி படியேறி உள்ளே இறங்கினாள். கழுத்து வரைக்கும் தண்ணீர். கண்ணை மூடினாள். கீழே ஏலச் செடிகளுக்கு மேல் மேகம் ஊர்ந்துகொண்டிருந்தது. "மதினி, இடுப்பு ஒண்ணு இருக்குறதே மறந்துருச்சு" என்றாள்.

என் கணவர் அப்போது வீட்டின் முன்பக்கம், ஜீப் டிரைவருக்கு இரண்டாவது டீ கொடுத்து, காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பராமரிப்பைக் கேட்டவர்களுக்கு, ஈஸ்வரி இப்போது செய்வதையே சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு முறை தண்ணீரைத் திறந்துவிடுகிறாள். மென்மையான பிரஷ்ஷால் வெறும் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்கிறாள். பிளீச்சிங் பவுடர், ஆசிட் பக்கமே போவதில்லை. தேய்த்த கையோடு உடனே நிரப்பிவிடுகிறாள். இடையில், தண்ணீர் கெடாமலிருக்கக் கடையில் விற்கும் மருந்தைச் சொன்ன அளவில் கலக்கிறாள். இலையும் கொசுவும் விழாமல் மூடி போடுகிறாள். அடியில் காற்று ஓடுவதற்குக் கல்லின் மேல் இடைவெளி விட்டிருக்கிறோம்.

நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு தொட்டியில் இறங்கலாமா என்பது மட்டும் இன்னும் தீராத வழக்கு. கூடாது, எண்ணெய் தண்ணீரையும் கெடுக்கும், மரத்திலும் படியும். சனிக்கிழமைகளில் வெளியே சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு, பிறகு தொட்டியில் உட்காருகிறாள். "ரெண்டு குளியல் குளிக்கிற ஒரே ஆளு இந்த மலையில நாந்தான்" என்று அதற்கும் ஒரு பெருமை.

இந்த ஞாயிறு போய்வந்தோம். மழை பிடித்துக்கொண்டுவிட்டது. வாக்கர் மூலையில் கிடக்கிறது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஸ்டோர் வரை நடந்து போய், புதுக் காய் வருவதற்குள் கூரை ஓட்டைச் சரிசெய்யச் சொல்லி ஆளை அதட்டிக்கொண்டிருந்தாள். கிளம்புகிற நேரத்தில் என் கணவர் ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி கேட்டார்.

"மழை கூடுது. ரெண்டு நாளைக்கிக் கீழ வந்து இருந்துட்டு வாயேன்."

"சோலி கெடக்குண்ணே. நீ பாத்துப் போ. வளைவுல வழுக்கும்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, தார்ப்பாயை இறக்கிவிட்டுக்கொண்டார்.  போடிமெட்டு டீக்கடையில் நிறுத்தி, எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

போடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர். மலையில், மழைக்குள், ஈஸ்வரியும் செல்வியும் இருக்கிறார்கள்.